வெட்டிய பிறகும் குலைக்கு உயிர் இருக்கிறது

மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கத்தில், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனை மில்லில் எனக்கு லேப் வேலை. எண்ணெயில் பிரிந்து கிடக்கும் கொழுப்பு அமிலத்தை அளப்பதுதான் ஒவ்வொரு ஷிப்டிலும் முதல் வேலை. மில்லில் எல்லாருக்கும் அது ‘எஃப்எஃப்ஏ’. கச்சா எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலையில் கை வைத்துவிடுவார்கள்.

எண்ணெயை எடைபோட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரைத்து, ஃபினால்ப்தலீன் என்ற நிறங்காட்டி சில சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சமன்செய்யும் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். குலுக்கக் குலுக்க இளஞ்சிவப்பு தோன்றித் தோன்றி மறையும். 30 விநாடி மறையாமல் நின்றால் முடிந்தது.

லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் ஒருநாள் கேட்டார்: “வெட்டிப் போட்ட குலைதானே தங்கச்சி, நேத்து நல்லா இருந்த எண்ணெய் இன்னைக்கு ஏன் கெடுது?”

“வெட்டினதும் செத்துடாதுண்ணே. பழத்துல செல்லெல்லாம் இன்னும் உயிரோடதான் இருக்கு.”

செம்பனைப் பழத்தின் சதைச் செல்கள் ஆற்றலை எண்ணெயாகச் சேர்த்து வைக்கின்றன. ஒரு கிராம் கொழுப்பில் சுமார் 37 கிலோஜூல் இருக்கிறது, மாவுச்சத்தில் 17தான். ஆனால் கொழுப்பை எந்தச் செல்லும் அப்படியே எரிக்க முடியாது. ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்த மூலக்கூறு அது. முதலில் லைபேஸ் என்ற நொதி அதைப் பிரிக்க வேண்டும். பழம் முழுதாக இருக்கும்வரை லைபேஸ் அடங்கியே இருக்கும். குலை விழுந்து நசுங்கினால் செல் உடையும், நொதி எண்ணெயில் கலக்கும், அப்புறம் நேரம் போகப் போக அமிலம் ஏறும். மில்லுக்குள் வந்ததும் குலையை நீராவியில் வேகவைப்பதற்கு இந்த நொதியை அடக்குவதும் ஒரு முக்கியக் காரணம்.

நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து நின்று குலை அறுப்பவரின் உடம்பிலும் முதல் படி இதுவே. அட்ரினலின் சுரந்ததும் அவருடைய கொழுப்புச் செல்களிலும் லைபேஸ் வேலையைத் தொடங்குகிறது. பிரிந்த அமிலம் இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு தசைக்குப் போகிறது. அங்கே செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இரண்டிரண்டு கார்பனாக நறுக்கப்படுகிறது. ஆக்சிஜனின் துணையோடு அதன் ஆற்றல், செல் நேரடியாகச் செலவழிக்கும் மூலக்கூறான ஏடிபிக்கு மாறுகிறது. நாங்கள் எஃப்எஃப்ஏ கணக்கைப் போடுவது பால்மிடிக் அமிலத்தை வைத்து. அதன் ஒரு மூலக்கூறிலிருந்து சுமார் 106 ஏடிபி கிடைக்கும். ஒரு குளுக்கோஸில் 30, மிஞ்சினால் 32. ஏடிபியை உடம்பு சேர்த்து வைப்பதில்லை, செலவாக ஆக மறுபடி செய்துகொண்டே இருக்கிறது. அது நின்றால் இறுகிய தசை தளரவும் முடியாது.

நசுங்கிய பழத்திலோ பிரிந்த அமிலத்தை எரிக்க முழுச் செல் இல்லை. அப்படியே தேங்குகிறது. நான் அளப்பது அதைத்தான்.

எஃப்எஃப்ஏ ஏறினால் அறுப்பவர்மேல் பழி போடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பழைய மரத்தில் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் 20 கிலோ குலை நசுங்காமல் எப்படி இருக்கும்? நம் கையில் இருப்பது அதற்குப் பிந்தைய நேரம்தான். லோரி வரிசை நீளும்போது, உதிரிப்பழம் அதிகமுள்ள வண்டியை முதலில் இறக்கச் சொல்லிக் கேட்கிறேன். சில நாள் இறக்குகிறார்கள், சில நாள் இல்லை. நான் கேட்பதை விடவில்லை.