பெரியப்பாவின் கீழுதடு

பெரியப்பாவுக்கு வாயோரம் டீ வழிவதை முதலில் கவனித்தது பெரியம்மாதான். இடது பக்கம் வழிந்து வேட்டியில் சொட்டும். அவருக்குத் தெரியவே தெரியாது. சவரம் செய்யும்போது அந்தப் பக்கம் பிளேடு கீறி ரத்தம் வந்தும் வலிக்கவில்லை.

புளியரையில் வயல் வைத்திருப்பவர், வயது 63. வெற்றிலை, புகையிலை, பீடி எதுவும் கிடையாது. அதற்கு ஏழு மாதம் முன்புதான் இடது கீழ்த்தாடை வீங்கி, ஒரு பல் டாக்டரிடம் கட்டியை எடுத்திருந்தோம். எப்போதோ பிடுங்கிய கடைவாய்ப்பல் இருந்த இடம். "வெறும் நீர்க்கட்டிதான், பயப்படாதீங்க" என்றார். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

உதடு மரத்ததும் குளத்துப்புழா வழியாகப் பஸ்ஸில் திருவனந்தபுரம் போனோம். டாக்டர் முதலில் கேட்டது, "முறுக்கான் உண்டோ?" வெற்றிலை போடுவீர்களா என்று மலையாளத்தில். பெரியப்பா வேகமாகத் தலையாட்டி மறுத்தார். அப்புறம் டாக்டர், தாடை முழுவதும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துக் காட்டினார். சாதாரண நீர்க்கட்டிக்கு ஓரம் கோடு போட்டதுபோல் தெரியுமாம். இங்கே கறையான் அரித்த மாதிரி இருந்தது. தாடை எலும்புக்குள் ஓடுகிற நரம்பு வரை போயிருக்கிறது, அதனால்தான் மரத்திருக்கிறது என்றார்.

பயாப்சியில் புற்றுநோய் என்று வந்தது. வாய்க்குள் புண்ணாகத் தொடங்கியதல்ல. எலும்புக்குள் கட்டியைச் சுற்றியிருந்த உள்தோலே அப்படி மாறியிருக்கிறது. பல வருட அழற்சி காரணமாக இருக்கலாமாம். மிகமிக அபூர்வம். நீர்க்கட்டி வந்தவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் எடுத்த கட்டி எதுவானாலும் லேபுக்குப் போகட்டும். வெளிப்பார்வைக்கு அது நீர்க்கட்டி மாதிரியே இருக்கும், மைக்ரோஸ்கோப்பில்தான் தெரியும்.

தாடையில் ஒரு பகுதியை எடுத்து, காலிலிருந்து எலும்பை வெட்டி வைத்தார்கள். கழுத்திலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. இப்போது குழைந்த சோறு சாப்பிடுகிறார், காலையில் வரப்பு வரை நடக்கிறார். ஒவ்வொரு மடக்கு டீக்கும் துண்டால் உதட்டைத் துடைத்துக்கொள்கிறார்.

போன மாதம் அத்தை மகனுக்குப் பல்லுக்கடியில் நீர்க்கட்டி எடுத்தார்கள். எடுத்த சதையை மருந்து நீரில் போட்டு வைத்திருந்த ஃபார்மலின் பாட்டிலை நானே கையில் வாங்கி, தென்காசி லேபில் கொடுத்துவிட்டு வந்தேன். எட்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. சாதாரணக் கட்டிதான்.