முடிவை முன்னால் சொல்லாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் புத்தகம் படிப்பவர்களுக்குச் சத்தம்தான் பெரிய தொல்லை என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். சத்தத்துக்குக் குறைவில்லைதான். செம்பனைக் குலை ஏற்றிய லோரி வாசலைக் கடந்தால் சன்னல் அதிரும், ரொட்டிக்காரர் மோட்டாரில் ஹாரனை அமுக்கிக்கொண்டே வருவார், பக்கத்து வீட்டு சீரியலில் மாமியார் அழுதால் நம் வீட்டுக் கூடத்தில் கேட்கும், அப்புறம் சாயங்கால மழை தகரக் கூரையில் இறங்கிவிட்டால் எதிரில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. ஆனால் மழை விட்டதும் விட்ட வரியிலிருந்து தொடரலாம். எனக்கு மனசு ஆறாமல் போவது, நானே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை யாராவது முந்திக்கொண்டு சொல்லிவிடும்போதுதான்.

முதலில், இரவல் புத்தகத்தில் பேனாவால் கோடு போடுகிறவர்கள். கதை நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும், அம்மா அலமாரியைத் திறந்து ஒரு பழைய சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள், அந்த வரிக்கு அடியில் நீல மையில் இரண்டு கோடு, ஓரத்தில் ஒரு ஆச்சரியக்குறி. சரி, இந்தச் சேலையில்தான் எல்லாம் இருக்கிறது என்று அங்கேயே தெரிந்து போகிறது. எழுதியவர் நூறு பக்கம் தள்ளி அவிழ்க்க வைத்திருந்த முடிச்சை, முகம் தெரியாத ஒருவர் அவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு கண் தானாகவே கோடு தேடிப் போகிறது, கோடு இல்லாத பக்கங்களை மனசு அலட்சியமாகப் புரட்டுகிறது, பல நேரம் நல்ல வரிகள் அங்கேதான் கிடக்கின்றன. பென்சில் என்றால் அழித்துவிடலாம். பேனாவை என்ன செய்வது, மெல்லிய தாளில் அந்த அழுத்தம் பின்பக்கத்திலும் தடமாகத் தெரிகிறது.

அடுத்தது அணிந்துரை. எழுதுகிறவர் அன்பு மிகுதியில் நாயகி ஏன் வீட்டை விட்டுப் போனாள், யார் கடைசியில் மனம் மாறினார் என்பது வரை சொல்லிவிடுவார். இதையெல்லாம் நாவலுக்குப் பின்னால் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? நல்ல அணிந்துரைகள் உண்டு, கதையை முடித்துவிட்டு அவற்றை ஆசையாகப் படிப்பேன், ஆனால் வாசலிலேயே நின்று வழி மறித்தால் எரிச்சல் வருகிறது. ஒட்டுக்கடையில் தேத்தண்ணி வரும் வரை ஒரு பக்கம் படிக்கலாம் என்று புத்தகத்தைத் திறந்தால், பக்கத்து மேசை அண்ணன் அட்டையைப் பார்த்துவிட்டு, "இதா? நான் படிச்சிட்டேன்லா, கடைசில அந்தப் பொண்ணு ஊருக்கே திரும்பிடும்" என்பார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அந்தப் புத்தகம் எனக்கு முடிந்துவிட்டது.

அச்சிலும் சில சங்கடங்கள் உண்டு. வரி முடிவில் சொல் உடையும்போது தமிழில் பெரும்பாலும் இணைப்புக் கோடு போடுவதில்லை, பக்கத்தின் கடைசியில் 'அவர் சாக' என்று நின்று, திருப்பினால்தான் 'வில்லை' வரும். 1978-ல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான புத்தகம் என்றால், யானைத் துதிக்கை மாதிரி வளைவு வைத்த பழைய 'லை'யைப் பார்த்துத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் திணறுவார்கள். முதுகில் வெறும் பசை போட்டு ஒட்டிய புத்தகத்தில் உள் ஓரத்து எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும், கட்டைவிரலால் அழுத்திப் பிரித்தால் தாள் கையோடு வந்துவிடும். இராமபாணப் பூச்சி தின்றது போக மிச்சத்தைத்தான் படிக்க வேண்டும் என்பது நம் ஊர் ஈரத்தில் வழக்கமான கதை. கைப்பேசியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதை வேறு அறையில் வைத்துவிட வேண்டும்.

சேர்ந்து படிப்பது எனக்குப் பிடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1924-ல் தொடங்கி 2019-ல் நின்றுபோன தமிழ் நேசன் போன்ற பத்திரிகைகளைத் தோட்டங்களில் ஒருவர் உரக்க வாசிக்க, எழுத்துத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அங்கே எல்லோரும் ஒரே வரியில்தான் இருந்தார்கள், தொடர்கதை என்றால் அடுத்த பகுதி வரும்வரை வாசித்தவருக்கும் கேட்டவருக்கும் ஒரே தவிப்பு. அந்தத் தவிப்பை அடுத்தவருக்கும் விட்டுவைக்கத்தான் கேட்கிறேன்.

இப்போது யாருக்காவது புத்தகம் கொடுத்தால் நடுவில் ஒரு வெற்றுச் சீட்டையும் வைத்துக் கொடுக்கிறேன். பிடித்த இடம் வந்தால் பக்க எண்ணை மட்டும் அதில் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். அப்புறம் இரண்டு பேரும் படித்து முடித்ததும் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நேரம் போவது தெரியாமல் பேசலாம், முடிவைப் பற்றியும்தான்.