ஆறில் நாலு பறக்கிறது

2022 மார்ச் கடைசியில், நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நேரம்தான் நான் போக்கிமான் பயர்ரெட்டை ஒழுங்காக விளையாடத் தொடங்கினேன். ஆறு பிராணிகளை அணியாகச் சேர்த்துச் சண்டை பிடிக்கிற விளையாட்டு அது. கனடாவில் இருந்து வந்த மாமா விட்டுவிட்டுப் போன கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி என்ற கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று வீட்டில் கிடந்தது. திரைக்கு வெளிச்சம் உண்டு, ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் இரவு முழுக்கத் தாங்கும், யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் விறாந்தை இருட்டில் இருந்து விளையாட வேறு என்ன வேண்டும்.

வழியில் வரும் எட்டு ஜிம்மையும், அதாவது சண்டைக் கூடங்களையும், சாரிசார்ட் என்ற நெருப்புப் பிராணியின் பலத்திலேயே தாண்டிவிட்டேன். அதற்குப் பிறகு அடுத்தடுத்து வரும் நாலு பெரிய ஆட்கள், எலைட் ஃபோர், அவர்களிடம்தான் பிடிபட்டேன். நடுவில் பிராணிகளைக் குணமாக்கும் போக்கிமான் சென்டர் இல்லை, எங்கே தோற்றாலும் திரும்ப முதல் ஆள் லோரலையில் இருந்துதான் தொடங்க வேண்டும். மூன்று தடவை நாலாவது ஆள் லான்ஸ் வரை போய், மூன்று தடவையும் அவனுடைய ஏரோடாக்டிலிடம் விழுந்தேன்.

சித்தியின் மகன் அப்போது தரம் 11 படித்துக்கொண்டிருந்தான். என் அணியை ஒருக்கால் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணா, உங்கட ஆறில நாலு பறக்கிறது. ஒரு கல்லு எறிஞ்சா நாலும் விழும்."

உண்மைதான். சாரிசார்ட், பிஜியட், ஃபியரோ, கியாரடோஸ் நாலுக்கும் பாறை ஆகாது, மின்சாரமும் ஆகாது. பாறைத் தாக்கு சாரிசார்டுக்கு நாலு மடங்கு, மின்தாக்கு கியாரடோஸுக்கு நாலு மடங்கு. பலமானதைத் தேடித் தேடிச் சேர்த்தேனே தவிர, எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சாய்க்கக்கூடியது எது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

எந்த வகைக்கு எது ஆகாது என்று கொப்பியில் கட்டம் போட்டோம். இந்த விளையாட்டில் 17 வகைகள். இப்போது இணையத்தில் கிடைக்கும் அட்டவணையில் 18 இருக்கும், தேவதை வகை 2013இல்தான் வந்தது, அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய தெளிவு கியாரடோஸ் விஷயத்தில்தான் வந்தது. தாக்கு பலம் 125, அவ்வளவு முரட்டுப் பிராணி, ஆனால் சர்ஃப் என்ற நீர்த்தாக்கை அடித்தால் எதிராளிக்குக் கிள்ளினது போல இருக்கும். ஏனென்றால் இந்தத் தலைமுறையில் நீர்த்தாக்கு எல்லாமே சிறப்புத் தாக்குக் கணக்கில் போகும், அதில் கியாரடோஸுக்கு வெறும் 60. சாதாரணத் தாக்கா, சிறப்புத் தாக்கா என்று ஒவ்வொரு தாக்குக்கும் தனித்தனியாகப் பிரித்தது 2006இல் வந்த போக்கிமான் டயமண்ட், பேர்ள் விளையாட்டுகளில்தான். மனமில்லாமல்தான் அதை அணியில் இருந்து எடுத்து, மிச்சப் பிராணிகள் கிடக்கும் பெட்டியில் போட்டேன்.

விளையாட்டில் வரும் சில்ஃப் கட்டடத்தில் ஒருவர் 25ஆம் லெவலில் சும்மா தந்த லாப்ராஸ் பெட்டிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது. 31இல் அது தானாகவே ஐஸ் பீம் படிக்கும். ஈவிக்கு இடிக்கல் கொடுத்து, மின்வகை ஜோல்டியன் ஆக்கினேன். டிக்லெட் குகையில் டக்ட்ரியோ, கடைசி ஜிம் தலைவன் ஜியோவானியை வென்ற பரிசான பூகம்பத் தாக்கு அதற்கு. அலகஸாம் வேண்டுமென்றால் இன்னொரு ஆளோடு மாற்ற வேண்டும், ஒழுங்கையில் வேறு யாரிடமும் கேம்பாய் இல்லை, அதனால் ஹிப்னோ. பிறகு ஸ்னோர்லாக்ஸ். அதற்கு ஷேடோ போல் என்ற பேய்த்தாக்கைப் படிப்பித்தது என்னுடைய நல்ல முடிவுகளில் ஒன்று: விளையாட்டுக்குள் இருக்கும் கேம் கோர்னரில் 4500 காசு, அந்தக் காசை விளையாட்டுப் பணத்துக்கு வாங்கினால் 90,000, வலித்தது. ஆனால் எலைட் ஃபோரில் மூன்றாவதாக வரும் அகாதாவின் பேய்ப்பிராணி கெங்கார் மிதப்பதால் பூகம்பம் அதைத் தொடாது. ஸ்னோர்லாக்ஸுக்கோ பேய்த்தாக்கு படாது, அது திருப்பி அடிக்கும் அடி படும்.

புல் வகை ஒன்றுமே இல்லை. பரவாயில்லை, ஆறு பேரால் 17ஐயும் மூட முடியாது. ஒரே ஓட்டை இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பதுதான் நாங்கள் வைத்த கணக்கு.

லெவல் ஏற்ற இரண்டு கிழமை போனது. லான்ஸின் கியாரடோஸை ஜோல்டியன் ஒரே மின்னடியில் முடித்தது. கடைசியாக 60ஆம் லெவல் டிராகனைட், முந்திக்கொண்டு ஹைப்பர் பீம் அடித்தது, லாப்ராஸின் கோடு இறங்கி இறங்கிச் சிவப்பில் வந்து நின்றது. சித்தியின் மகன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். ஹைப்பர் பீம் அடித்தால் அடுத்த முறை அசைய முடியாது. ஐஸ் பீம், நாலு மடங்கு.

"அடுத்தது சாம்பியன், அவனிட்ட நீர்வகை பிளாஸ்டாய்ஸ் வரும், ஜோல்டியனுக்கு மருந்து குடுங்கோ" என்றான்.