சுண்ணாம்பும் தீவாந்தரமும்: சிங்கப்பூர் நாட்குறிப்பு

ஏப்ரல் 10, 2025, வியாழன்

மகள் வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. காலையில் நடக்கப் போன இடத்தில் 'பென்கூலன் தெரு' என்ற பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. அங்கேயே நின்றுவிட்டேன்.

பென்கூலன் சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள ஊர். இன்றைய பெயர் பெங்குலு. கிழக்கிந்தியக் கம்பெனி மிளகுக்காகப் பிடித்து வைத்திருந்த இடம். 1787 முதல் இந்தியக் கைதிகளைக் கப்பலேற்றி அங்கே அனுப்பினார்கள். 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரர்களும் உடன்படிக்கை செய்துகொண்டபோது பென்கூலன் டச்சுக்காரர்களின் கைக்குப் போனது. கைதிகளை மட்டும் ஆங்கிலேயர் விட்டுக்கொடுக்கவில்லை. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவந்தார்கள். சிங்கப்பூருக்கு முதல் தொகுதி வந்த நாள் 1825 ஏப்ரல் 18. 'ஹொரேஷியோ' என்ற கப்பலில் மெட்ராஸ் கைதிகள் 80 பேர்.

இன்னும் எட்டு நாளில் இருநூறு ஆண்டு நிறைகிறது. அந்த நாளில் நான் இந்த ஊரில் இருக்கப்போகிறேன். அன்றைக்கு எங்கே போக வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

எங்கள் அப்பத்தாவிடம் ஒரு சொல் இருந்தது. யாராவது ஊரைவிட்டுப் போய்க் கடிதம்கூடப் போடாமல் இருந்தால், "தீவாந்தரம் போனவன் மாதிரி" என்பாள். சிறுவனாக இருந்தபோது அதை ஏதோ ஒரு தீவின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது, ஆளைக் கடல் கடத்தித் தொலைவுக்கு அனுப்பிவிடும் ஒரு தண்டனையின் பெயர்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 'ஆயுள் முழுக்கத் தீவாந்தரம்' இருந்தது. 1908இல் வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே விதித்ததும் அதுதான். மேல்முறையீட்டில் குறைந்ததால் அவர் கடல் கடக்கவில்லை. கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிருந்தார். நாடு விடுதலை பெற்ற பிறகு, 1955இல் செய்த திருத்தத்தில்தான் அந்தச் சொல்லை நீக்கி 'ஆயுள் சிறை' என்று மாற்றினார்கள். நான் பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அது சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருந்திருக்கிறது.

சாப்பிடும்போது மகளிடம் இதைச் சொன்னேன். "ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை அனுப்பியது தெரியும் அப்பா, இங்கே அனுப்பியது தெரியாதே" என்றாள். அதுதான் என் ஆற்றாமை. 1788 முதல் 1868 வரை பிரிட்டன் ஏறத்தாழ 1,62,000 பேரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. இன்று அங்கே பலர் "என் கொள்ளுப்பாட்டன் கைதியாக வந்தவன்" என்று பெருமையோடு தேடி எடுத்து எழுதுகிறார்கள். நம்முடைய ஆட்களைப் பற்றி அப்படி உரிமை கொண்டாடி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 14, திங்கள், புத்தாண்டு

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில். நல்ல கூட்டம். சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸோடு 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக எழுப்பிய கோயில் இது. 1843 வாக்கில் செங்கல் கட்டடமாயிற்று. அந்தக் கட்டுமானத்தில் கைதிகளின் கையும் இருந்தது என்று சொல்வார்கள்.

அர்ச்சகர் தந்த திருநீற்றை நெற்றியில் இட்டபோது மனம் வேறெங்கோ போய்விட்டது. வங்காளத்தில் 1797இல் வந்த ஒழுங்குமுறைப்படி, ஆயுள் கைதியின் நெற்றியில் அவன் பெயர், குற்றம், தீர்ப்பு நாள் ஆகியவற்றைப் பச்சை குத்த வேண்டும். மெட்ராஸ் மாகாணமும் அதைப் பின்பற்றியது. 1849இல்தான் நிறுத்தினார்கள். அதற்குள் எத்தனையோ நெற்றிகள் போய்விட்டன. விடுதலை கிடைத்த பிறகும் அழியாத எழுத்து அது. தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டி மறைத்திருக்கிறார்கள். தலையெழுத்து என்று நாம் பொழுதுக்கும் சொல்கிறோம். அதை ஊசியால் குத்தி எழுதிய அரசு ஒன்று இருந்தது.

குளத்துப் பக்கம் உட்காரலாம் என்று பார்த்தால் இந்தக் கோயிலில் குளம் இல்லை. தூண் ஓரமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

அவர்கள் இங்கே எப்படி வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதைப் படித்தேன். பிராஸ் பாசா பகுதியில் சிறை. ஆறு வகுப்புகள். புதிதாக வந்தவன் நான்காம் வகுப்பு. ஒழுங்காக இருந்தால் மூன்றாம் வகுப்புக்கு ஏறிச் சாலை வேலை. இரண்டாம் வகுப்பு, கைதிகளுக்கு மேற்பார்வையாளர். முதல் வகுப்பு, அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே தங்கி உழைத்துப் பிழைக்கலாம். ஐந்தாம் வகுப்பு, தவறு செய்து கீழே தள்ளப்பட்டவன்; கனத்த விலங்கு. ஆறாவது, முதியவர்களும் நோயாளிகளும் பெண்களும். கைதிக்குக் காவல் கைதியே. அரசுக்குச் சம்பளச் செலவு மிச்சம்.

இவர்கள் எல்லோரையும் தியாகிகள் என்று எழுத மாட்டேன். கொலைகாரர்கள் இருந்தார்கள், வழிப்பறிக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் புதிதாகப் பிடித்த தீவுக்குச் சாலையும் செங்கல்லும் தேவைப்பட்ட நேரத்தில், ஆயுள் முழுக்கக் கூலியில்லாத ஆட்கள் கிடைத்தார்கள். தண்டனை என்ற சொல் இதில் பாதியைத்தான் சொல்கிறது.

ஏப்ரல் 16, புதன்

நல்ல மழை. வெளியே போகவில்லை.

எங்கள் பக்கத்து ஆள் ஒருவனைப் பற்றி எழுத வேண்டும். 1801 அக்டோபர் 24இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். என் ஊரிலிருந்து அரை மணி நேரப் பஸ் பயணம். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது 15 வயது இருக்கும். சிறுவன் என்பதால் கயிறு இல்லை, கப்பல். 1802 பிப்ரவரியில் 70க்கும் மேற்பட்டவர்களோடு தூத்துக்குடியில் ஏற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள்.

கப்பலேறும் முன் அவர்களுக்குக் காவல் இருந்த ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். பையனின் மேல் இரக்கப்பட்டு விலங்கைத் தளர்த்திவிட்டிருக்கிறார். 1818இல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது, கிழடுதட்டிக் குன்றிப்போன ஒரு மனிதர் அவரைத் தேடி வந்தார். யார் என்று வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. "துரைசாமி" என்றார் வந்தவர். அந்தப் பெயர் கத்தி போல இறங்கியது என்று வெல்ஷ் பிற்காலத்தில் எழுதிவைத்தார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் 'கிழவருக்கு' அப்போது முப்பத்திரண்டு வயதுகூட நிறைந்திருக்காது. என் மகளைவிட இளையவர். இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி, விடுமுறை. பேரனையும் கூட்டிக்கொண்டு புனித ஆண்ட்ரூ பேராலயத்துக்குப் போனேன். உள்ளே வழிபாடு நடந்துகொண்டிருந்ததால் மரத்தடியில் காத்திருந்தோம்.

பேராலயத்தின் வரைபடம் அரசுப் பொறியாளர் ரொனால்ட் மெக்பெர்சனுடையது. 1856இல் தொடங்கி 1861 வரை வேலை நடந்தது. செய்தவர்கள் இந்தியக் கைதிகள். உள்சுவருக்கும் தூண்களுக்கும் அவர்கள் பூசிய பூச்சுக்கு 'மெட்ராஸ் சுண்ணம்' என்றே பெயர். சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவது.

நாற்பது ஆண்டுகள் காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்பு வேலை செய்வித்தவன் நான். நாங்கள் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றுவோம். இங்கே கடுக்காய்க்கு எங்கே போவார்கள்? கையில் கிடைத்த தேங்காய் மட்டையை ஊறவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வேலையை அவசரமாகச் செய்ய முடியாது. அரைத்த சுண்ணாம்பைப் புளிக்க விட வேண்டும், ஈரம் சரியாக இழுக்கும் நேரம் பார்த்துக் கூழாங்கல்லை எடுக்க வேண்டும், பிறகு தோள் கழன்றுபோகும்வரை தேய்க்க வேண்டும். சவுக்கடிக்குப் பயந்தவன் சுவர் எழுப்பலாம். மெருகு அப்படி வராது. இந்தத் தூண்களைத் தேய்த்தவன் தொழில் தெரிந்தவன், அந்த நேரத்திலாவது தன் தொழிலை மதித்தவன். இதை நான் சுண்ணாம்பை வைத்துச் சொல்கிறேன்.

வளாகத்தில் மெக்பெர்சனுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. பேரன் அதைச் சுற்றிவந்துவிட்டு, "ஐயா, பூசினவங்க பேர் எங்கே?" என்று கேட்டான். அவர்கள் பெயர் நெற்றியில் எழுதப்பட்டிருந்தது என்று சொல்ல வாய் வந்தது. எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லவில்லை. "தேடித்தான் பார்க்க வேண்டும்" என்றேன்.

வழிபாடு முடிந்ததும் உள்ளே போய் ஒரு தூணில் உள்ளங்கையை வைத்தேன். இன்றைய வண்ணம்தான் கையில் பட்டது. பரவாயில்லை. பேரனும் கை வைத்தான். "ஜில்லென்று இருக்கிறது" என்றான். சுண்ணாம்புச் சுவர் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

1867இல் இந்தப் பகுதி நேரடியாக பிரிட்டிஷ் முடியாட்சியின் குடியேற்றமானது. அதற்குள் இந்தியாவிலிருந்து கைதிகள் வருவதும் நின்றிருந்தது. 1873இல் சிறையை மூடி, எஞ்சியவர்களில் பலரை அந்தமானுக்கு அனுப்பினார்கள். இந்தியாவில் ஒருமுறை, இங்கே ஒருமுறை என்று இரண்டுமுறை கடல் கடத்தப்பட்டவர்கள் அவர்கள்.

பினாங்குக்குப் பஸ் டிக்கெட் எடுத்துத் தரச் சொல்லி மகளிடம் கேட்டிருக்கிறேன். புனித ஜார்ஜ் தேவாலயம் 1818இல் கைதிகள் கட்டி முடித்தது. துரைசாமி வெல்ஷைத் தேடி வந்ததும் அதே ஆண்டுதான். செவ்வாய்க்கிழமை இரவு கிளம்புகிறேன்.