நடன வாத்தியாரின் பை வயலின்

லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில், பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி வைக்கும் வேலை எனக்கு. பித்தளைக் கம்பியை வளைத்து, மேலே மெல்லிய உறை போட்டு, தாங்குவது தெரியாமல் தாங்க வைக்க வேண்டும். அப்படித்தான் ஒருநாள் பொஷெட் என்ற குட்டி வயலின் ஒன்று என் மேசைக்கு வந்தது. பிரெஞ்சில் பொஷெட் என்றால் சின்னப் பை. ஆங்கிலேயர்கள் அதைக் ‘கிட்’ என்பார்கள்.

17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் செய்தது. நீளம் ஒரு முழத்துக்கும் குறைவு, அகலம் மூன்று விரல். அடிப்புறம் படகு போல வளைந்திருக்கும். கருங்காலிப் பட்டைகளை வரிவரியாக ஒட்டி, நடுநடுவே நூல் பருமனில் தந்தம் இழைத்திருந்தார்கள். விரலால் தடவினால் எங்கும் தட்டவில்லை. இவ்வளவு அழகா என்று, பின்புறம் தெரியும்படியே நிறுத்திவிட்டேன்.

முதல் வாரம் கூடத்தில் நின்று கவனித்தேன். “இது துடுப்பா அம்மா?” என்றது ஒரு குழந்தை. கைத்தடியின் பிடி என்றார் இன்னொருவர். இது வாசிக்கிற பொருள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மனசு கேட்கவில்லை எனக்கு.

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1661இல் பாரிஸில் அரச நடன அகாதெமியைத் தொடங்கிய காலம் அது. நடனம் தெரியாமல் பெரிய வீட்டுப் பிள்ளைகள் சபையில் தலைகாட்ட முடியாது. வாத்தியார் வீடு வீடாகப் போவார். நீள அங்கியின் பையிலிருந்து இதை உருவி மார்பில் சாய்த்து, குட்டி வில்லால் மெட்டை இழுத்தபடியே காலடி வைத்துக் காட்டுவார். மெல்லிய ஓசைதான், ஆனால் ஓர் அறைக்குப் போதும். போகிற இடம் பிரபு வீடு, அதனால்தான் தந்தமும் கருங்காலியும் என்று நினைக்கிறேன். விளையாட்டுப் பொருள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. வயலின் செய்வதில் பேர்போன இத்தாலியர் ஸ்ட்ராடிவாரியே 1717இல் ஒன்று செய்திருக்கிறார், அது இன்றும் பாரிஸில் இருக்கிறது.

சரி என்று அனுமதி வாங்கி மறுபடி வெளியே எடுத்தேன். அப்போதுதான் முன்புறத்தை நிதானமாகப் பார்த்தேன். பலகையில் இதய வடிவில் ஒரு குட்டித் துளை. தந்திகளை முறுக்கும் பிரடைகளுக்குப் பக்கத்தில், விரல்கள் விழும் இடத்தில் மட்டும் கருப்பு மங்கித் தேய்ந்திருந்தது. எத்தனை பாடங்களோ!

தந்திகள் முன்னால் தெரிய, மார்பில் சாய்த்த கோணத்திலேயே நிறுத்தி, பின்னால் ஒரு கண்ணாடி வைத்தேன். பக்கத்தில் வில். அடுத்த சனிக்கிழமை ஒரு பெரியவர் பெட்டிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அவருடைய இடது கை தானாக மார்புக்கு உயர்ந்தது.