பழைய கல்லறைத் தோட்டத்தை அளந்து எண்ணிட்ட அனுபவம்

"கல்லறைத் தோட்டத்துக்கு எதற்கு ஐயா அளவை? உள்ளே இருப்பவர்கள் எழுந்து போய்விடப் போகிறார்களா?"

தாலுகா அலுவலகத்தில் நில அளவைப் பிரிவு எழுத்தர் எங்களிடம் கேட்ட கேள்வி இது. பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். என்னோடு வந்திருந்த சபை மூப்பருக்கு எண்பதை நெருங்கும் வயது. அவருடைய பாட்டனும் பூட்டனும் அந்தத் தோட்டத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இன்று உத்தரவு கையில் இருக்கிறது, எல்லைக்கல் நட்டாகிவிட்டது. ஆனாலும் அந்தச் சிரிப்பை நினைத்தால் வயிறு எரிகிறது.

தென் மாவட்டம் ஒன்றில் 1840-களில் தொடங்கிய தோட்டம் எங்களுடையது. முன்வரிசைகளில் கம்பெனிக் காலத்து அதிகாரிகளும் மிஷனரிகளும். அவர்களுக்குப் பின்னால் உள்ளூர்க் குடும்பங்கள். வடமேற்கு மூலையில் ஒரு கல்கூட இல்லாத வெறுந்தரை. சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் கீழுள்ள சபைகளின் தொகுதியில், கல்லறைத் தோட்டத்துக்கென்று கமிட்டி அமைத்து என்னைச் செயலராகப் போட்டபோது, எங்கள் முன் இரண்டு வேலைகள் இருந்தன. கிழக்கே அண்டை நிலத்துக்காரர் எழுப்பிக்கொண்டிருந்த சுவர் எங்கள் பழைய கல்லறை வரிசையை நெருங்கிவிட்டது, அதை நிறுத்த வேண்டும். வடமேற்கு மூலையைப் புதிய குடும்பக் கல்லறைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டாவது வேலை ஒரே வாரத்தில் முடிந்துவிடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படமும், ஒவ்வொரு புல எண்ணின் பரப்பும் உரிமையாளர் பெயரும் எழுதிய 'அ' பதிவேடும் இணையத்திலேயே கிடைத்துவிட்டன. அவற்றைப் பார்த்த பிறகுதான் தலை சுற்றியது. நிலவரி நிர்ணயத்துக்காக எழுதிய பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் தோட்டம் முழுவதும் ஒரே புல எண், 1 ஏக்கர் 20 சென்ட் என்று மூப்பர் வீட்டுக் காகிதம் ஒன்று சொன்னது. மெட்ரிக் கணக்கில் அது ஏறத்தாழ 48.5 ஏர்ஸ் (ஒரு ஏர்ஸ் நூறு சதுர மீட்டர்). இப்போதைய பதிவேட்டிலோ 44 ஏர்ஸ்தான். 1980-களில் யு.டி.ஆர். திட்டத்தில் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது எங்கள் எண்ணை இரண்டாக உட்பிரிவு செய்து, கிழக்கு ஓரம் ஏறத்தாழ 11 சென்ட்டை அண்டை நிலத்தோடு சேர்த்துவிட்டார்கள். சுவர் எழுப்பியவர் தம் பட்டாவைக் காட்டினார். காகிதத்தின்படி அவர் பேசியது சரி. ஆனால் அந்த 11 சென்ட்டுக்குள் நூற்றைம்பது ஆண்டுக் கல்லறைகள் ஒரு வரிசையாக நிற்கின்றன.

இதைத் திருத்த வேண்டுமானால் பழைய பதிவேட்டின் சான்றிட்ட நகல் வேண்டும். "அது கிழிந்துபோயிற்று, தர முடியாது" என்று வாய்மொழியாகவே திருப்பி அனுப்பினார்கள். இந்த இடத்தில் பலர் சோர்ந்துவிடுகிறார்கள், நீங்கள் சோர வேண்டாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். "நகல் தாருங்கள்" என்று மட்டும் கேட்காமல், "பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதியுங்கள்" என்றும் சேர்த்துக் கேளுங்கள். 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆவணத்தைப் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கும் உரிமையும் இருக்கிறது. 30 நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். நாங்கள் கேட்டோம். கிழிந்துபோனதாகச் சொன்ன பதிவேடு மேஜைக்கு வந்தது. ஓரங்கள் பொடிந்திருந்தன. எங்கள் பக்கத்தில் ஒரு எழுத்துகூடக் கெடவில்லை.

பிறகு வேறொரு முட்டுக்கட்டை. பழைய பதிவேட்டில் உரிமையாளர் பெயர் மிஷன் என்று இருந்தது. எங்கள் சபை சேர்ந்திருக்கும் தென்னிந்தியத் திருச்சபை உருவானதே 1947 செப்டம்பரில்தான். "மிஷன் நிலத்துக்கு மனுப் போட நீங்கள் யார்?" என்று கேட்டு மனுவைத் திருப்பிவிட்டார்கள். கேட்டது முறைதான், ஆனால் முதல் நாளே சொல்லியிருக்கலாம். மிஷனிடமிருந்து சொத்து திருச்சபைக்கு வந்ததற்கான ஆவணம், சொத்தை வைத்திருக்கும் அறக்கட்டளை உங்களுக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம் ஆகிய இரண்டையும் கையில் வைத்துக்கொண்ட பிறகே படியேறுங்கள். கமிட்டிச் செயலர் என்ற முத்திரை வருவாய்த்துறையில் செல்லாது.

சர்வேயர் வந்த முதல் நாளும் வீண். அண்டை நிலத்துக்காரர்களில் ஒருவர் வெளியூருக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் அறிவிப்பு அவருக்குப் போய்ச் சேரவில்லை. அறிவிப்பு உரியவர் கையில் சேராமல் (அறிவிப்புச் சார்வு ஆகாமல்) அளக்க முடியாது என்று சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்படி அளந்திருந்தால் பின்னால் அந்த அளவையே செல்லாது என்று வாதாடியிருப்பார்கள். சுற்றியுள்ள எல்லா உரிமையாளர்களின் இப்போதைய முகவரியையும் நீங்களே விசாரித்து மனுவோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மறுமுறை அவர் வந்தபோது எங்களுக்கு நல்ல காலம். பழைய படத்தின் அளவுகள் லிங்க் கணக்கில் இருந்தன. 66 அடிச் சங்கிலிக்கு 100 லிங்க், அதாவது ஒரு லிங்க் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். அவர் பொறுமையாக மாற்றிக் கணக்கிட்டு, பழைய கிணற்றிலிருந்து அளந்து கிழக்கு எல்லைக்கு வந்தார். "அண்ணாச்சி, இங்கே தோண்டிப் பாருங்கள்" என்றார். இரண்டடி ஆழத்தில் பழைய எல்லைக்கல் அகப்பட்டது, கட்டப்பட்டுவரும் சுவருக்கு அந்தப் பக்கம்! மூப்பர் குனிந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தார். அன்றைய அறிக்கையை வைத்து மாவட்ட வருவாய் அலுவலர்வரை மனு போனது. விசாரணையும் உத்தரவும் தாமதமானாலும் சிக்கலின்றி வந்தன. சுவர் பின்வாங்கிவிட்டது.

ஒரே வாரத்து வேலை என்று சொன்ன வடமேற்கு மூலைதான் என்னை அதிகம் உலுக்கியது.

முந்தைய கமிட்டி சில குடும்பங்களுக்கு அங்கே இடம் தருவதாகப் பணம் வாங்கி ரசீதும் கொடுத்திருந்தது. ரசீதில் எண் கிடையாது, அளவு கிடையாது. "வேம்புக்கு மேற்கே ஒரு குடும்பக் கல்லறைக்கான இடம்" என்று எழுதியிருந்தது. அந்த வேம்பு புயலில் சாய்ந்து எத்தனையோ காலமாயிற்று. யாருக்கு எந்த இடம் என்று தெரிந்துகொள்ள அடக்கப் பதிவேடுகளை எடுத்தேன். 1871-க்கு முந்தைய புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டிருந்தது.

முன்வரிசைகளுக்கு ஒரு வழி இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணத்துக் குருமார் தங்கள் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகலை அன்று லண்டனுக்கு அனுப்பி வைத்தார்கள். அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என்/2' என்ற வரிசையில் இருக்கின்றன. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளின் பட்டியலையும் பாருங்கள். எங்கள் தோட்டத்தில் பாதி உடைந்து காணாமற்போன பளிங்குப் பலகை ஒன்றின் முழு வாசகமும் அதில் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் நம் குடும்பத்தாரின் பெயர்கள் இவற்றில் அரிதாகவே கிடைக்கும். அதற்கு வீடு வீடாகப் போய்ப் பழைய வேதாகமங்களின் முன்பின் தாள்களைக் கேட்டுப் பாருங்கள். பிறப்பும் இறப்பும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

எஞ்சியிருந்த பதிவேட்டில் 1877-க்கு வந்தேன். தாது வருஷப் பஞ்சத்தின் காலம். அதுவரை மாதத்துக்குச் சில பெயர்களாக இருந்த பக்கங்கள் திடீரென்று அடர்ந்துவிடுகின்றன. ஒரே நாளில் ஒரே வீட்டிலிருந்து தாயும் பிள்ளைகளும். இவ்வளவு பேரும் எங்கே? கல் வைத்த கல்லறை இவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. தலைமுறையாகக் குழி வெட்டும் குடும்பத்துப் பெரியவரிடம் கேட்டேன். "அந்த மூலையில் மண்வெட்டி வைக்கக் கூடாது என்று என் தாத்தா சொல்லியிருக்கிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை" என்றார்.

நல்ல மழைக்கு மறுநாள் காலை அவரும் நானும் அந்தத் தரையில் நடந்தோம். சாய்ந்த வெயிலில் கிழக்கு மேற்காக நீள நீளமான பள்ளங்கள், வரிசை பிசகாமல் தெரிந்தன. பல குழந்தை அளவு. மெல்லிய இரும்புக் கம்பியைப் பள்ளத்தில் இறக்கினால் எளிதாகப் போயிற்று, இடைப்பட்ட மண்ணில் முட்டி நின்றது. அது வெறுந்தரை இல்லை. தோட்டத்திலேயே நெருக்கமாக அடக்கம் நடந்த பகுதி அதுதான்.

கமிட்டியில் பெரும் சண்டை. "கல் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை, பிறகு என்ன?" என்று ஒருவர் சொன்னார். கல் வைக்க வசதி இல்லாமல் பசியால் செத்தவர்கள் என்பதற்காகவே அவர்கள்மேல் இன்னொரு குழி வெட்டுவதற்கு என்னால் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டேன். பதிவேட்டின் அந்தப் பக்கங்களைப் பெயர் பெயராக வாசித்தேன். மூப்பரின் குடும்பப் பெயரும் அதில் வந்தது. தீர்மானம் நிறைவேறியது: வடமேற்கு மூலை மூடப்பட்ட பகுதி, எந்தக் காலத்திலும் பங்கிடக் கூடாது.

இப்போது ஒவ்வொரு கல்லறைக்கும் எண் இருக்கிறது. கிணறு, வாசல் தூண் என்ற இரு நிலையான இடங்களிலிருந்தும் அளந்த தூரம் படத்திலும் ரசீதிலும் ஏறிவிட்டது. மரத்தை அடையாளமாக எழுதாதீர்கள். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு. போப் அடக்கமாகியிருக்கும் ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டமும் 1848-இல் தொடங்கிய பழைய தோட்டம்தான். அங்கே ஆர்வலர் குழு ஒன்று அடங்கியிருப்பவர்களின் வரலாற்றைத் தேடித் தேடிப் பதிந்திருக்கிறது. நாங்களும் அந்த வழியில் குடும்பம் குடும்பமாகக் குறிப்பு சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம்.

எழுத்து தெரியாத பலகைகளைச் சுத்தம் செய்ய ஆசிட் வாங்கி வந்தவரை நல்லவேளையாக வாசலிலேயே தடுத்துவிட்டோம். பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் ஆசிடில் கரைந்துவிடும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் பாய்ச்சினால் மங்கிய எழுத்தும் நிழல் கொண்டு எழும்பும். சுண்ணாம்புக் காரையால் கட்டிய கல்லறைக்குச் சிமென்ட் பூசவும் விடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் பொரிந்துவிடும்.

ரசீது வைத்திருந்த குடும்பங்களுக்குத் தெற்கே சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த பகுதியில் இடம் கொடுத்தோம், அங்கே கம்பி இறக்கிச் சோதித்த பிறகு. அதை அழிக்க ஜேசிபி கொண்டுவருகிறேன் என்று கிளம்பியவர்கள் பலர். உள்ளே விடவில்லை. முள்ளுக்குள் எந்தக் கல்லறை மறைந்திருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. ஆள் வைத்துக் கையால் வெட்டி, மண்ணுக்குச் சற்றுக் கீழே தூரோடு எடுத்தோம். மேலோடு வெட்டினால் மறு மழைக்கே தழைத்துவிடும். கூலி அதிகமானது, நாளும் அதிகம் பிடித்தது. முள்ளை விலக்கியபோது யாருக்கும் நினைவில் இல்லாத இரண்டு கல்லறைகள் முழுதாக வெளிவந்தன. அவற்றுக்கும் எண் கொடுத்தாகிவிட்டது.