ஜிப்சி எங்கே காற்று இழுக்கிறது?

மே 4, 2025, ஞாயிறு

இன்றைக்கும் ராயக்கோட்டை மேம்பாலத்துக்குக் கீழே வண்டி நின்றுவிட்டது. காலையில் சோக் இழுத்தால் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது, இன்ஜின் சூடான பிறகுதான் தகராறு: ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடுகிற வேகம்) ஏறுகிறது, இறங்குகிறது, ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் இரண்டு குலுக்குக் குலுக்கி அணைந்துவிடுகிறது. அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய 1997 மாடல் மாருதி ஜிப்சி ஜீப், 1300 சிசி, 2000-இல் எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் கணக்குப்படி பெட்ரோலைப் பீய்ச்சுகிற முறை) வருவதற்கு முந்தைய, காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் வைத்த வண்டி. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான் என்பதால் நம்பர் பிளேட்டில் இன்னும் தர்மபுரியின் டி.என். 29. பின்பக்கக் கூடாரத்தைக் கழற்றிவிட்டு பிக்கப் மாதிரி மாங்காய் கிரேட் ஏற்றி ஓட்டுகிறோம்.

பார்க்கிறவர்கள் எல்லாம் கார்புரேட்டரைத் தூக்கிப் போடு, வேறு இன்ஜின் வை என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. தோத்தாபுரி மாங்காய் பறிப்பு தொடங்குவதற்குள் நானே உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு.

மே 6, செவ்வாய்

ஏர் கிளீனரைக் கழற்றினேன். கீழே ஒரே டியூப் காடு, இன்ஜினின் உறிஞ்சு விசையை (வேக்குவம்) அங்கங்கே கொண்டுபோகிற டியூப்கள். எதையும் பிடுங்கவில்லை. முதலில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒவ்வொரு டியூபும் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று வரைந்தேன், இரண்டு முனையிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி நம்பர் போட்டேன். பிரேக் பூஸ்டருக்கு ஒரு தடித்த ஹோஸ், பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒன்று, கிராங்க் கேஸ் புகையை உள்ளே இழுக்கிற பி.சி.வி. ஒன்று, டேங்க் ஆவிக்கு ஒன்று, இப்படிப் போகிறது. இந்த வேலைக்கே மதியம் வரைக்கும் ஆகிவிட்டது, ஆனால் இந்தத் தாள் இல்லாமல் நான் ஒரு அடி எடுத்து வைத்திருக்க முடியாது.

இரண்டு டியூப் கையில் வளைத்தாலே காய்ந்த ஏரி வண்டல் மாதிரி வெடிக்கிறது. ஒரு டியூப் எங்கேயும் போகாமல் தொங்கியது, அதன் வாயில் ஒரு வேப்பங்குச்சி சொருகியிருந்தது. அப்பாவிடம் காட்டினேன்.

“நான்தான்பா வெச்சேன். மேலுமலை ஏத்தத்துல நடுராத்திரி, வண்டி நின்னுபோச்சு. அந்த நேரத்துக்கு அதுதான் கெடைச்சுது” என்றார்.

பச்சையாக இருந்தபோது இறுக்கமாகத்தான் இருந்திருக்கும். இப்போது காய்ந்து சுருங்கி, விரல் பட்டாலே சுழல்கிறது. அதைச் சுற்றி இத்தனை வருஷமாக இன்ஜின், கார்புரேட்டர் கணக்கில் வராத காற்றை இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

மே 11, ஞாயிறு

வேக்குவம் கேஜ் (உறிஞ்சு விசையைப் பாதரச அங்குலத்தில் காட்டுகிற மீட்டர்) வந்துவிட்டது. கடல் மட்டத்தில், நல்ல நிலையில் இருக்கிற இன்ஜின் ஐடிலிங்கில் 17-இலிருந்து 21 அங்குலம் காட்ட வேண்டும், ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். நம்ம ஊர் உயரத்துக்கு 16, 17 நின்றால் போதும். நமக்கு 11, அதுவும் முள் நடுங்குகிறது. குச்சியை எடுத்து ரப்பர் மூடி போட்டு, வெடித்த டியூப்களை மாற்றியதும் 14 வந்தது. ஒவ்வொரு ஹோஸாகத் துணி சுற்றிய பிளையரால் நசுக்கிப் பார்த்தேன், முள் அசையவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் டியூபை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்தேன், நாக்கைக் கவ்விப் பிடித்து விடவே இல்லை, அதனால் அதன் உள்ளே இருக்கிற டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) நன்றாக இருக்கிறது.

அப்படியென்றால் மீதி காற்று எங்கே? கார்புரேட்டர் அடியில் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன் (கிளீனர் ஸ்ப்ரே அடிக்கலாம்தான், சூடான மேனிஃபோல்டு பக்கத்தில் தீப்பிடிக்கிற சாமானை அடிக்க எனக்குத் துணிவில்லை). பின்பக்க மூலையில் சொட்டு விழுந்ததும் ஐடிலிங் சட்டென்று மாறியது. அங்கேதான்.

மே 18, ஞாயிறு

கார்புரேட்டரை இறக்கினோம். காவேரிப்பட்டணத்து மெக்கானிக் அண்ணன் வந்திருந்தார். அடியில் சூடு தாங்க வைத்திருக்கும் கட்டையைக் கண்ணாடி மேல் வைத்தால் ஆடுகிறது. யாரோ நட்டை அளவுக்கு மீறி இறுக்கி வளைத்திருக்கிறார்கள். கண்ணாடி மேல் எமரி தாள் விரித்து, எட்டு வடிவத்தில் தேய்த்துத் தேய்த்து மட்டம் பண்ணி, புதுப் பேக்கிங் வெட்டிப் போட்டோம்.

கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கிற ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. எத்தனால் ஈரத்தை இழுக்கும், இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் அதுதான், இந்த வண்டியின் பழைய ரப்பர் அதற்காகச் செய்ததும் இல்லை. பெட்ரோல் ஹோஸையும் சேர்த்து மாற்றிவிட்டேன். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடுகிற பைலட் ஜெட்டை வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஊசி முனை வெளிச்சம்கூடத் தெரியவில்லை. நான் கம்பி எடுக்கப் போனேன், அண்ணன் கையைப் பிடித்துவிட்டார்: “பித்தளை தம்பி, கம்பி விட்டா ஓட்டை பெருசாயிடும். தூண்டில் நரம்பு இருந்தா கொண்டா.” அதை விட்டு, பஞ்சர் கடையில் ஏர் அடித்ததும் வட்டமாக வெளிச்சம் வந்தது.

ஐடிலிங் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் ஸ்க்ரூவை எண்ணிக்கொண்டே மூடினேன், நாலரைச் சுற்று திறந்திருந்தது! உள்ளே வருகிற திருட்டுக் காற்றுக்கு ஈடுகட்ட, முன்பு ஒரு பட்டறையில் பெட்ரோலைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மைலேஜ் போனதும் பிளக் கரியானதும் அதனால்தான். ஓட்டையை விட்டுவிட்டு ஸ்க்ரூவைத் திருகியதை நினைத்தால் வயிறு எரிகிறது. இப்போது இரண்டு சுற்றில் நிற்கிறது, முள் 17-இல் அசையாமல் இருக்கிறது.

மே 24, சனி

செந்தூரா 18 கிரேட், முதல் லோடு. மேலுமலையில் செகண்ட் கியரில் இழுத்தது, மேம்பாலத்துக்குக் கீழே நின்றோம், அணையவில்லை. அப்பா கூட வந்தார், வழியெல்லாம் ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்து இன்ஜினையே கேட்டுக்கொண்டு வந்தார். திடீரென்று ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும் ஒரு கணம் தயங்குகிறது. மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் தள்ளுகிற பம்பின் டயாஃப்ரமாக இருக்கும், திங்கட்கிழமை வாங்கிவிட வேண்டும்.